அப்பம் பிட்காத ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் கடைசி. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். கடலை பிடுங்கும் சமயம். என் முதல் பிரசவத்தை ஒட்டி நடந்தது இது.

என் மாமியார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். தீராத மண்டையிடி ஜெபத்தில் தீர்ந்தது என்று போனவர், பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கணவர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பாட்டாவது கேட்கலாமே என்றுதான் நான் போனேன். போன பிறகு அந்தப் பாஸ்டரைப் பிடித்துப்போனது. ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டேன்.

அவர் ஜலகண்டாபுரத்தில் தறி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, ஒரு பழைய சைக்கிள். சேந்தமங்கலம் வரைக்கும் அதிலேயே மிதிப்பார். மற்ற பிரசங்கிமார் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசுவார். காட்டில் நம்மைப் பார்த்தால் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, நாலு செடி கடலை பிடுங்கிக்கொண்டேதான் சௌக்கியம் விசாரிப்பார். நாங்கள் அவரை 'ஐயா' என்போம்; அவரோ எங்கள் பக்கத்து வழக்கப்படி பெரியவர், சிறியவர் எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். மேலே உள்ள ஊழியக்காரர்கள் அதைக் கண்டித்தபோது, "பொறந்ததுல இருந்து வாயில வந்தது, இனி எங்கீங்க போகும்" என்று சிரித்துவிட்டாராம்.

ஒரே விஷயத்தில் மட்டும் மனிதர் இரும்பு. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மருந்து, ஊசி தொடக்கூடாது, கர்த்தரே வைத்தியர் என்பார். மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பம் பிட்டுத் திராட்சரசத்தோடு எல்லோருக்கும் கொடுப்பார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. எல்லோர் முன்னாலும் எழுந்து தப்பை ஒத்துக்கொள்ளும் வரை, சபைக் கொட்டகையின் கடைசியில் வாசல் ஓரமாகத்தான் அவர்கள் உட்கார வேண்டும்.

இதற்கு அவரே ஒரு சாட்சி சொல்வார். அவருடைய ஒரே மகளுக்கு ஐந்து வயதில் கடுமையான காய்ச்சல். மருந்து கொடுக்காமல் முழங்காலில் நின்றே ஜெபித்தாராம். குழந்தை இறந்துவிட்டது. அப்போதும் விசுவாசம் தளராமல், அடக்கம் செய்த இடத்திலேயே நின்று பாடினாராம். அதைச் சொல்லும்போது கொட்டகையே அழும். நானும் அழுதிருக்கிறேன். என் மாமியாருக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

விடியற்காலையில் வீட்டிலேயே எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் உதிரப்போக்கு நிற்கவில்லை. வெயில் ஏறியபோது எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சபைப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். சபைக்கு வராத பக்கத்து வீட்டு அக்காதான் பொறுக்காமல் சொன்னார்.

"ஏனுங்க, இப்படியே உட்டா புள்ளை தாங்காதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயர்லாமுங்க."

"ஐயாவுக்கு ஆள் போயிருக்குது. அவரு வந்து கைய வெச்சா நின்னுபோயிரும் சாமி" என்றார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடாமல் அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஐயா மனசு நொந்துபோவாரே என்று அவருக்குப் பயம். என்னைக் கேட்டார்கள். நானும் "ஐயா வரட்டும்" என்றுதான் முனகினேன்.

ஐயா வந்தார். என் தலையில் கை வைப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வைக்கவில்லை. கண்ணைத் திறந்தால், கட்டிலுக்குக் கீழே கிடந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்நேரத்துல இருந்துங்க இப்படிப் போகுது?"

"விடியறதுல இருந்துங்க ஐயா. நீங்க வரணும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

"என்னையப் பாத்துக்கிட்டா? ஒரு உசுரு போகுது, என்னைய எதுக்குங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவர் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. தெருமுனையில் கடலை மூட்டை ஏற்ற வந்து நின்ற லாரியிடம் அவரே ஓடினார். பக்கத்து வீட்டு அக்காவும் அவருமாகக் கயிற்றுக் கட்டிலோடு என்னைத் தூக்கி ஏற்றினார்கள். நாமக்கல் போகும் வரை அவர் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. "கண்ண மூடாத சாமி, கண்ண மூடாத" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் இல்லை என்று டாக்டரம்மா திட்டினார். பிழைத்து வீடு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது. வழியில் பார்த்தால் 'ஸ்தோத்திரம்' சொல்கிற பெண்கள், என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐயா ஏதோ பதற்றத்தில் செய்துவிட்டார், ஊசி போட்டுக்கொண்டவள் இவள்தானே என்று பேச்சு. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையை நான் ஒளித்து வைத்துத்தான் சாப்பிட்டேன்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும், அடுத்து வந்த மாதத்தின் முதல் ஞாயிறு சபைக்குப் போனேன். யாரும் சொல்லாமலே வாசல் ஓரத்தில் குழந்தையோடு உட்கார்ந்தேன். மாமியார் முன்வரிசைக்குப் போய்விட்டார். அன்று அங்கே உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

பாட்டு முடிந்தது. மேஜையில் அப்பமும் திராட்சரசமும் வெள்ளைத் துணி மூடி இருந்தன. ஐயா துணியை எடுக்கவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இது காய்ச்ச மாத்திரைங்க. எனக்குக் காய்ச்சல் கெடையாது" என்றார். அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஒருவர் எழுந்து "ஐயா, என்னங்க இது" என்று கேட்டார். ஐயா வழக்கமான அந்த மெல்லிய குரலில் பேசினார்.

"எம் மவ செத்த சாட்சிய எத்தனையோ தடவை உங்களுக்குச் சொல்லியிருக்கறேன். அதுல ஒண்ணைய மறைச்சுட்டேனுங்க. எதுத்த ஊட்டுக்காரரு அன்னைக்கு மாத்திரை வாங்கியாந்து குடுத்தாரு. நான் அதையச் சன்னல்ல வெச்சுட்டு முழங்கால் போட்டுட்டேன். புள்ளை அதையவே பாத்துக்கிட்டு, 'அப்பா, அதையத் தாப்பா'ன்னு கேட்டுச்சு. நான் குடுக்கலீங்க."

பிறகு, "கட்டில்ல அந்தப் புள்ளையப் பாத்தன்னைக்கு எம் மவதான் தெரிஞ்சா. எம் மவ உசுரக் கர்த்தரு எங்கிட்டக் கேக்கல. என் பெருமைதான் கேட்டுச்சு. மருந்து சாப்பிட்டவனுக்கு அப்பம் இல்லைன்னு சட்டம் போட்டவன் நான். இன்னைக்கு எனக்கும் இல்லைங்க" என்றார்.

மேஜையை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்து, வாசல் ஓரத்தில் என் பாயில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து மாமியார் எழுந்தார். எல்லோரையும் தாண்டி வந்து மறுபக்கம் உட்கார்ந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அன்று யாரும் அந்தத் துணியை எடுக்கவில்லை.

சேலத்திலிருந்து மேலதிகாரிகள் வந்து அவரிடமிருந்து சபைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் அவரைத் திட்டிவிட்டு வேறு இடம் போனார்கள். அவர் சைக்கிளை விடவில்லை. சாகும் வரை வீடு வீடாக வந்து ஜெபித்தார். யாருக்காவது முடியவில்லை என்றால், ஜெபம் முடிந்ததும் "மாத்திரை போட்டீங்களா சாமி" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

என் மகளுக்குச் சின்ன வயதில் மாத்திரை என்றாலே ஓட்டம்தான். துரத்திப் பிடித்து விழுங்க வைக்கும்போதெல்லாம், கேட்டும் கிடைக்காத அந்த இன்னொரு குழந்தையை நினைத்து எனக்குக் கை நின்றுவிடும். ஊரே அழுது மெச்சிய சாட்சியைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டு, எனக்காக அந்த வாசல் ஓரத்துக்கு ஒரு மனிதர் நடந்து வந்தாரே, அதைவிடப் பெரிய பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.