தாய்மாமன் மடி

தீபாவளி நெருங்கினால் கண்டி நகரின் கொழும்பு வீதித் துணிக்கடைகளுக்குள் நுழைவதே பெரும்பாடு. அந்த நெரிசலிலும் பரிமளத்தின் குரல் தனியாகக் கேட்கும்.

"கலியாணப் பொண்ணுக்கு வழி விடுங்க! மூச்சு முட்டி விழுந்தா மாப்பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று தன்னையே கலியாணப் பெண்ணாக்கி, சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி சத்தம் போடுவாள். கூட்டம் சிரித்துக்கொண்டே விலகும்.

அந்த வாய்க்காரிதான் மகளுக்காக மாவட்ட நீதிமன்றப் படியேறினாள்.

மகள் யோகராணிக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பரிமளத்தின் ஒரே அண்ணன் தனபாலன் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இப்போது திருச்சியில் இருதய நோயாளி. பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளையைத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தகப்பன் சம்மதிக்க வேண்டும்.

தகப்பன் ராஜலிங்கம் கம்பளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். பரிமளமும் அவனும் பிரிந்த பிறகும் மகளுக்குச் செய்வதில் குறை வைத்ததில்லை. இதற்கு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தான். வழக்குப் போட வேண்டியதாயிற்று.

"காது குத்த கண்டியில நகைக்கடையா இல்ல, தங்கச்சி?" என்று கேட்டார் அவளுடைய சட்டத்தரணி லாபிர்.

"கடையில குத்திடலாம் சேர். எங்கண்ணன் மடிய எந்தக் கடையில வாங்குறது?"

லாபிர் பேனாவை எடுத்து மனுவை எழுதினார்.

விசாரணை நாளன்று நீதிபதி ராஜலிங்கத்திடம் காரணம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ராஜலிங்கம் தலை நிமிரவில்லை.

"எங்கம்மாவும் தம்பி தங்கச்சிகளும் கப்பலேறும்போது, போயிட்டு வந்துடுறோம்னுதாங்க சொன்னாங்க. யாரும் வரலீங்க. நான் மட்டும் இங்க. இப்ப இவளும் பிள்ளயும் போனா…"

பரிமளம் அவனையே பார்த்தாள். ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில் அவன் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வீம்புக்குத்தான் மறுக்கிறான் என்று அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே எழுந்தாள். லாபிர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"அப்ப அவரே கூட்டிட்டுப் போகட்டும் ஐயா. மாமன் மடிதான் வேணும். நான் இங்க காத்திருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இவன் திரும்பாமல் போய்விட்டால்?

ராஜலிங்கம் பதறிப்போனான். "ஐயையோ, எனக்குப் பிள்ளைக்குத் தலை பின்னக்கூடத் தெரியாதுங்க!"

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சிங்களத்தில் சொல்ல, மன்றமே சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. மெல்லச் சொன்னான்: "அவளே போகட்டும். பிள்ளய என்கிட்ட விடத் துணிஞ்சவ, திரும்பி வருவா."

பள்ளி விடுமுறை முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

வெளியே ராஜலிங்கம் அவளுக்காகக் காத்திருந்தான். "எங்கம்மாவும் திருச்சிப் பக்கந்தான். பார்த்தா, நாம பிரிஞ்சத மட்டும் சொல்லிடாத."

"பொய் சொல்றதுக்கெல்லாம் கோட்டுல அனுமதி வாங்கலையே!" என்றாள் பரிமளம். பிறகு, "சரி, அத்தைக்கு என்ன பிடிக்கும்? அதச் சொல்லுங்க" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.