முப்பத்தொரு பாலை மரங்கள்

இடம்பெயர்ந்து வந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருக்கும் இளம் தாய் இன்று எரிப்பது பாலை விறகு என்பதைப் புகை மணத்திலேயே அறிந்தேன். நான் சிறுவனாயிருந்த காலத்தில் இங்கே முரசுமோட்டையில் வயலுக்காகக் காடழித்தபோது, பிள்ளைகள் நாங்கள் பார்க்கவென்று அப்பா வெட்டாமல் விட்ட துண்டில் முப்பத்தொரு பாலை மரங்கள் நின்றன. மரங்கொத்தியின் தட்டல்களை எண்ணியபடி நாங்கள் ஐந்து பேரும் பழம் தின்று, அதன் பால் ஒட்டிய உதடுகளைத் திறக்கமுடியாமல் வீடு திரும்ப, "இண்டைக்குத்தான் வீடு அமைதி" என்று அம்மா சிரிப்பார்.

மடியில் குழந்தை கஞ்சிக்கு அழ, அடுப்படியிலிருந்து அவள் பயந்து கேட்டாள்: "ஐயா, உங்கட காட்டில கடைசி மரத்தையோ வெட்டிப்போட்டம்?"

"இல்லைப் பிள்ளை, இன்னும் கனக்க நிக்குது. நீ எரி."

நேற்று எண்ணியபோது ஒன்றுதான் நின்றது.