பென் டிரைவில் ஏறிய அம்புக்குறி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஸ்ரீராம்புரத்தில் பிரஷ் பிடித்துக் கடைப் பெயர் எழுதத் தொடங்கி, இன்று அடுகோடியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓசூர் ரோட்டில் போகிறவர்கள் தலை நிமிர்ந்தால் என் போர்டு ஒன்றாவது கண்ணில் படும். சொன்ன நாளில் என் போர்டு ஏறாமல் போனது கிடையாது. அந்தப் பேரைக் கெடுக்கப் பார்த்தது ஒரு ஷார்ட்கட்.

காக்ஸ் டவுனில் ஒரு புது ஆஸ்பத்திரி. மறுநாள் காலை திறப்பு. வாசலுக்கான ஸ்டீல் எழுத்துகள் மட்டும் பாக்கி. டிராயிங்கை என் மகள்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தாள். டீச்சர் அவள்.

"பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துட்டே போறேன்ப்பா."

"எனக்குத் தெரியும். நீ ஸ்கூலுக்குக் கிளம்பு."

திரையில் இருந்ததை இழுத்துப் பென் டிரைவுக்குள் விட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. என் கைவேகம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

பீன்யாவில் லேசர் கட்டிங் செய்கிறவர் அதைச் சொருகிப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல டிராயிங் இல்ல. வெறும் ஷார்ட்கட்தான்."

"பேரு அதேதான இருக்கு?"

"பேரு இருக்கும். மூலையில பாருங்க, அம்புக்குறி. ஊர் பூரா போர்டு மாட்டறீங்க, இது கண்ணுல படலியா?"

அதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குள் 'பிரசவ வார்டு' என்று அம்பு போட்டு நானே போர்டு மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிக்கொண்டு போனால் வார்டும் கூடவே வருமா? ஷார்ட்கட்டும் அவ்வளவுதான். நிஜ ஃபைல் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். தினமும் தேட வேண்டாமென்று அதற்கு வழிகாட்டத் திரையில் ஒன்றை வைத்திருப்பார்கள்.

"பன்னெண்டுக்குள்ள வந்தா வெட்டித் தரேன். விட்டா நாளன்னிக்குத்தான்" என்றார் அவர்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினேன். எந்த ஃபோல்டர் என்று தெரியவில்லை. மகள் வகுப்பில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. இன்டர்வெல் விட்டதும் அவளே கூப்பிட்டாள்.

"அந்த ஷார்ட்கட் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'னு வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சா இந்நேரம் ஏன்ப்பா வீட்ல இருக்கீங்க?"

இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், போர்டு எழுதியே கற்றது. அவள் சொன்னதை அழுத்தியதும் ஃபோல்டர் திறந்தது. அதே பெயர், மூலையில் அம்பு இல்லை. இந்த முறை ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில் பீன்யாவில் நின்றேன். சாயங்காலம் காக்ஸ் டவுனில் ஏணியில் நின்று கடைசி எழுத்தை நானே பொருத்தினேன். ஸ்கூலிலிருந்து நேரே வந்த மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கு. அடுத்த தடவை பென் டிரைவ்ல யாரு ஏத்தறது?"

"நீயே ஏத்து. அம்புக்குறி இருக்கான்னு நான் பாத்துக்கறேன்."