மிச்சம் ரெண்டு கரண்டி

நோன்பு பிடிக்காத மனிசன் நாள் குறிச்சா இப்படித்தான் முடியும். நாட்டில சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசம் இருக்கும். கனமூலையில எங்கட தெருவுக்கு முன்னால பெரிய வீட்டு ஹாஜியார், சீனி வருத்தக்காரர், இளைய மகள்ட கலியாணத்துக்கு வட்டிலப்பம் செய்ய ரெண்டு கை தேடினார். ஒருத்தியால அவ்வளவு சனத்துக்குச் செய்ய ஏலாது. "எட்டுப் பேர் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வாங்க, ருசி பார்த்து ரெண்டு பேரை எடுப்பம்" எண்டார். அவர் குறிச்ச நாள் பெருநாள் கழிஞ்சு நாலாம் நாள். ஊரில ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில இருக்கிற நேரம்! நோன்பு திறக்கிற மஃரிப் வரைக்கும் பொறுங்க எண்டா, அவர் பின்னேரம் அஸருக்கே பாலாவிக்குப் போகணுமாம். அப்ப ருசி பார்க்கக்கூடிய ஒரே வாய், இனிப்பே தொடக்கூடாத அவர்ட வாய்தான்.

எனக்கு அந்த இடம் வேணும். மன்னாரிலருந்து வந்து இருபது வருசத்துக்கு மேல, எத்தனை கலியாண வீட்டில தேங்காய் துருவி, முட்டை அடிச்சுக் குடுத்திருப்பன்! சட்டி அடுப்பில ஏறினதும் பேர் வேற ஆளுக்குப் போயிரும். ஒரு தரமாவது "இது இவட கை" எண்டு சனம் சொல்லி என்ட காதால கேக்கணும்.

ஹாஜியார்ட மூத்த மகள் தேக்கரண்டியோட வாப்பாக்குப் பக்கத்தில காவல். "எனக்கு ரெண்டு ருசிதான் நாக்கில நிக்கும், மூண்டாவது பட்டா எல்லாம் ஒண்டுதான்" எண்டு அவர் சொன்னதால, சீட்டுக் குலுக்கி ரெண்டு ரெண்டா மோதவிட்டாங்க. தோத்தவ வீட்டுக்குப் போகலாம். ஏழு மோதல், பதினாலு கரண்டி. அதுக்கு மேல ஒரு சொட்டும் இல்ல எண்டிட்டா மகள். வாப்பாட முகத்தில பெருநாள் திரும்ப வந்த மாதிரிச் சந்தோசம்.

என்ட தலையெழுத்து, முதல் மோதலிலேயே ஊரில பேர் போன கைக்காரிக்கு எதிர விழுந்தன். தோத்தன். ஆனா வீட்டுக்குப் போகல்ல. அந்தக் கைக்காரிதான் கடைசி வரைக்கும் வெண்டா. கடைசி மோதலில அவட்ட தோத்தது பள்ளி ஒழுங்கையில இருக்கிற எங்கட மச்சி. "முதலாமவ இவ, ரெண்டாமவ இவ" எண்டு ஹாஜியார் வாயைத் துடைச்சார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

"நில்லுங்க ஹாஜியார்! மச்சியும் அவட்டத்தான் தோத்தா, நானும் அவட்டத்தான் தோத்தன். சீட்டு எனக்கு முதலிலேயே அவவைக் காட்டினதுக்கு என்ட வட்டிலப்பம் என்ன செய்யும்?"

"அப்ப எல்லாத்தையும் திருப்பி ருசி பாருங்க" எண்டு தோத்த மற்றவங்களும் எழும்பிட்டாங்க. மகள் கரண்டியை இறுக்கிப் பிடிச்சா. "வாப்பாவை மவுத்தாக்கப் பாக்குறீங்களா?"

நான் மேசையில எட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கவுத்து வெச்சன். "முதலாமவட்ட நேரா தோத்தது மூண்டு பேர். மிச்ச நாலு பேரும் இந்த மூண்டு பேரில யாரோ ஒருத்திக்குக் கீழ. அவங்களை விடுங்க. ரெண்டாமவ இந்த மூண்டுக்குள்ளதான். மூண்டு பேருக்கு ரெண்டு மோதல், நாலு கரண்டி."

மகள் கோப்பைகளைப் பார்த்து யோசிச்சா. "நாலு. அஞ்சாவது இல்ல."

முதல்ல மச்சிட பாத்திரமும் என்டயும். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு சுவைச்சார். பொறகு என்ட பாத்திரத்தைத் தொட்டார். அல்ஹம்துலில்லாஹ்! சனமும் "சரி சரி, முடிஞ்சுது" எண்டு எழும்பத் தொடங்கிச்சு.

முடியல்ல. மூண்டாவது ஆள் என்ட பக்கத்து வீட்டுக்காரி, எத்தாளையிலருந்து கலியாணம் முடிச்சு வந்தவ. அவட கோழி என்ட கீரைப்பாத்தியைக் கிளறினதிலருந்து ஏழு மாசமா எங்களுக்குள்ள கதை இல்ல. ரெண்டாம் சுத்தில அந்தக் கைக்காரிட்டத் தோத்ததும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. அவட ஞாபகம் அங்க ஒருத்தருக்கும் இல்ல. நான் வாயை மூடிக்கொண்டிருந்தா கலியாண வீடு எனக்கு. மூடிக்கொண்டுதான் இருந்தன்.

"மிச்சம் ரெண்டு கரண்டி இரிக்குதே?" எண்டார் ஹாஜியார். மனிசனுக்கு ஆசை இனிப்பில, நியாயத்தில இல்ல. ஆனா கோப்பையைக் கவுத்துப் போட்டு நியாயம் கதைச்சது நான், அதுவும் நோன்பு வாயோட. "இன்னும் ஒரு ஆள் இரிக்கு. இருங்க, கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு செருப்புக்கூடப் போடாம வெளிக்கிட்டன், என்னையே ஏசிக்கொண்டு.

அவட வாசலில நிண்டு, "பாத்திரத்தை எடுத்திட்டு வா" எண்டன்.

"என்னத்துக்கு?"

"வா எண்டா வாவன்!"

ஏழு மாசத்துக்குப் பிறகு நாங்க கதைச்ச முதல் கதை அதுதான்.

ரெண்டு கரண்டி. இந்த முறை ஹாஜியார் யோசிக்கவே இல்ல. அவட பாத்திரத்தைத் தொட்டார். தொட்டதோட விடாமத் தன்ட பக்கம் இழுத்தும் பார்த்தார், மகள் பறிச்செடுத்தா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதன். சொல்ல என்ன வெக்கம்? போதாததுக்கு எங்கட வீட்டு மனிசன், "உனக்கு அந்த வாயை வெச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதா?" எண்டு கேட்டார்.

மஃரிப் நெருங்கையில வேலிக்கு மேலால ஒரு பீங்கான் நீண்டிச்சு. அவட மிச்ச வட்டிலப்பம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணி, பொறகு அது. ஹாஜியார் ஆள் மாறித் தொட்டிருப்பார் எண்ட நினைப்போடதான் வாயில வெச்சன். மாறித் தொடல்ல. கருப்பட்டியும் பாலும் அப்படிச் சேர்ந்திருந்திச்சு.

"நாசமாப் போக, நல்லாத்தான் இரிக்கு!" எண்டு வேலியைப் பார்த்துச் சத்தமாச் சொன்னன்.

பொறகு அந்தப் பக்கத்திலருந்து, "கலியாணத்துக்கு முட்டை அடிச்சுத் தர வருவீங்களா ராத்தா?" எண்டு கேட்டா.

திரும்பவும் முட்டை! பீங்கானை வழிச்சு நக்கிட்டு, ஓம் எண்டன்.