மஞ்சள் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைத்த கதை

அருங்காட்சியகத்துப் பூச்சிப் பிரிவில் அவளை 'மாப்பிள்ளை வீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாம் ஓர் அந்துப்பூச்சியால் வந்த வினை. சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும்; எலுமிச்சை மஞ்சள் இறக்கை, ஓரத்தில் மை தெறித்த மாதிரி ஒரு புள்ளி, சீப்புப் பல் போன்ற உணர்கொம்புகள். அதைத் தனி இனமென்று எழுதி, பெயரும் வைத்தவள் அவள்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட மாமியார்தான் பெயர் வைத்தார். அவளாகப் பெயர் வைத்தது அந்தப் பூச்சி ஒன்றுக்கு மட்டும்தான். ஆனால் பிடித்ததெல்லாம் ஆண். வருஷக்கணக்காகப் பெண்ணைத் தேடினாள். "என்ன, பொண்ணு ஏதாவது அமைஞ்சுதா?" என்று ஆபீசே கேலி பேசியது.

அடுத்த மேஜைக்காரி நாத்தனார், கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. அண்ணி பெயர் வைத்த பூச்சியும் ஒன்று உண்டு. சாம்பல் நிறம், புள்ளி கிடையாது, நூல் போன்ற கொம்பு. அது வேறு பேரினம், வேறு அலமாரி. அகப்பட்டதெல்லாம் பெண். "நம்ம வீடு மாதிரியே பொம்பளை ராஜ்ஜியம்!" என்று அண்ணிக்குப் பெருமை வேறு.

சாம்பல் பூச்சி ஒன்று இட்ட முட்டைகளை அண்ணி ஜாடியில் வளர்த்தாள். ஜாடியின் வாயைத் துணியால் அவளே கட்டியிருந்தாள். அண்ணி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். கூட்டை விட்டு வந்து இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் பூச்சி. புள்ளியோடு! பக்கத்தில் ஒரு சாம்பல். அதற்கப்பால் இன்னொரு மஞ்சள்.

அடேயப்பா! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! மஞ்சள் ஆண், சாம்பல் பெண்; இரண்டும் ஒரே இனம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும், மற்றது செல்லாது. அண்ணி ஒரு வருஷம் முந்திக்கொண்டவள். துணியை அவிழ்த்து ஜாடியை ஜன்னல் பக்கம் சாய்த்தால் போதும், பறந்துவிடும், யாருக்கும் தெரியாது. அவள் கை முடிச்சு வரை போனது நிஜம்.

அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அடக்க அடக்கப் பொங்கியது. ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"அண்ணி! அண்ணி! பொண்ணு கெடைச்சாச்சு! உங்க வீட்டுப் பொண்ணுதான்!"

அண்ணி டீ டம்ளரும் கையுமாக ஜாடிக்குள் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, நீ வச்ச பேரு போயிடுமேடி."

"போகட்டுமே அண்ணி! கல்யாணம்னா யாராவது ஒருத்தர் பேரை மாத்திக்கத்தானே வேணும்? இந்த வாட்டி மாப்பிள்ளை மாத்திக்கட்டும்!"

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் கொட்டியது. அதில் பாதி அழுகை என்று அண்ணிக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.