பிறந்த வீட்டுக் கோடியை ஏன் திருப்பிக் கொடுத்தேன்

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் இந்த நினைவு மலர் வழியே கைகூப்பி வரவேற்கிறேன். போன வருடம் இதே கூடத்தில் அம்மாவின் உடல்மேல் தாய்மாமன் போர்த்திய கோடிச் சேலையை நான் எடுத்து, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். உங்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனீர்கள். "படிச்ச திமிரு லா!" என்று வாசலில் சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்கிறேன்.

அம்மா லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது, பால்வெட்டுக்குப் போனார். திருமணமாகி போர்டிக்சன் அருகே எங்கள் அப்பாவின் தோட்டத்துக்கு வந்தார். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி ஒருநாள் கிழிந்துபோன துப்பாக்கி உறையைக் கொண்டுவந்து தைத்துத் தரச் சொன்னார். அம்மா அதைத் தைக்கவில்லை. தையலைப் பிரித்து, தோலை விரித்துப்போட்டு, பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவெடுத்துப் புதிதாகவே ஒன்று செய்து கொடுத்தார். இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

தோலை நீரில் ஊறவைத்து, அப்பா ரப்பர் கட்டையில் செதுக்கிக் கொடுத்த மரத் துப்பாக்கியை உள்ளே வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுப்பார். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுப்பார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இடுப்பு வாரும் அப்படித்தான். அம்மா தைத்த வாரைப் போட்டவர்கள் வயிறு பெருத்துத்தான் வேறு வாங்கினார்கள், வார் அறுந்து வாங்கவில்லை.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். போர்டிக்சன் டவுனில் ராணுவ முகாம் ஆட்களுக்குப் பூட்ஸும் பேட்ஜும் விற்கும் கடை அவருடையது. அம்மா தைத்த உறைகளும் வார்களும் அங்கேதான் தொங்கின. கேட்டவர்களிடமெல்லாம், பின்னறையில் உட்கார்ந்து தாமே தைப்பதாக மாமா சொல்லிவந்தார். அது அம்மாவுக்கும் தெரியும். அண்ணன்தானே என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு கோயில் திருவிழாப் பந்தியில் யாரோ அம்மாவின் கைவேலையைப் புகழ, மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவளா? சும்மா மெழுகு தேய்ச்சிக் குடுப்பா. வேலை எல்லாம் நம்ம கையி லா." அம்மா அவருக்குத்தான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து அடுத்த இலைக்குப் போனார். அந்த முகத்தை நான் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை, அது அவருடைய கெட்ட நேரம்.

அடுத்த மாதமே காவல் நிறுவனம் ஒன்று முந்நூறு உறைகள் கேட்டு வந்தது. மாமாவுக்கு அம்மா எதற்கு? "அளவு பாக்கணும், அட்டையெல்லாம் குடு தங்கச்சி" என்று மாதிரி அட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். கடையில் நான்கு ஆட்களை உட்காரவைத்தார். வெட்டுவதற்கு முன் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அட்டைய வெச்சி கோடு போட்டு வெட்டிட வேண்டியதுதான? வேற ஒன்னும் இல்லியே?"

"எல்லாம் அட்டையிலயே இருக்கு அண்ணே" என்றார் அம்மா.

அட்டையில் ஒன்று மட்டும் இல்லை. வெளியே தெரியும் பக்கத்தில் மை படாமல் இருக்க, அம்மா எப்போதும் தோலின் பின்பக்கத்தில்தான் கோடு போடுவார். அவருடைய அட்டைகள் எல்லாம் அதற்காகவே, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்டப்பட்டவை. பின்னறையில் தாமே தைப்பதாகச் சொன்ன அந்தப் பெரிய கைக்காரர் பளபளப்பான முன்பக்கத்தில் கோடு போட்டார். முந்நூறு உறைகளும் இடது கைக்காரர்களுக்கு ஆகிவிட்டன. நிறுவனத்தின் மலாய் அதிகாரி கடையில் நின்று, "செமுவா கிடால்! எல்லாமே இடது கை!" என்று கத்தியதை டவுனே கேட்டது. அம்மா அன்று மத்தியானம் பாயில் புரண்டு புரண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இது தவறு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அதிகாரியே பிறகு விசாரித்துக்கொண்டு எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார். அதன்பின் அம்மா தம் சொந்தப் பெயரில் தைத்தார், கண் தெரிந்தவரை தைத்தார். மாமாவோ, தங்கை தம்மைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார், வேலையை அவளுக்குக் கற்றுத் தந்ததே தாம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அம்மா படுக்கையில் விழுந்த கடைசி வாரம் மாமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நான்தான் கத்துக்குடுத்தேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. நானும் எல்லாத்தையும் மன்னிச்சிடுறேன்" என்றார். மன்னிக்கிறாராம்! அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: "சபையில சொல்லு அண்ணே, இவதான் செஞ்சான்னு. சொன்னா உன் கோடிய நான் சந்தோஷமா கட்டிக்கிட்டுப் போறேன். இல்லன்னா என் மேல போடாத." மாமா போனபின் என் கையைப் பிடித்து, "விட்றாத" என்றார். அது அம்மா எனக்கு இட்ட கடைசி வேலை.

அம்மாவின் உடலை எடுக்கும் நேரத்தில் நான் மாமாவின் காதருகே, "சொல்லிட்டுப் போர்த்துங்க மாமா" என்றேன். "இதுவா நேரம்?" என்று அதட்டிவிட்டுப் போர்த்தினார். மற்றதை நீங்கள் பார்த்தீர்கள்.

"அம்மா எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போனார்" என்று இந்த மலரில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அம்மா மன்னிக்கவில்லை. அவர் பெயரில் நான் பொய் எழுதமாட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கிய தோட்டத்து இளைஞர்களுக்கும், இன்று சமையலைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்குத் தனி நன்றி. அவருக்கு நம் வழக்கமும் இல்லை, நம் கோயிலும் இல்லை. கோடி இல்லாமல் அம்மா கிடந்ததைப் பார்த்து ஓடிப்போய், கிறிஸ்துமஸுக்கு வாங்கிவைத்த புதுச் சேலையைக் கொண்டுவந்து, "நான் தங்கச்சி இல்லியா?" என்று கேட்டுப் போர்த்தினார். அம்மா அதைப் போர்த்திக்கொண்டுதான் போனார்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சபையில் சொல்ல மறுத்ததை நான் அச்சடித்துவிட்டேன். உங்கள் பேரப்பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள். இந்த மலரின் முதல் இரண்டு பிரதிகளை அவர்கள் கையில்தான் கொடுத்தேன்.