அப்பா தலையசைத்த படம்

கம்பத்தில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் போவது வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். இறந்தவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பத்தார் சுற்றி நிற்க எடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் கோம்பையிலிருந்து ஆள் வந்தது. இறந்தவர் திராட்சைத் தோட்டக்காரர். காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லையாம்.

நான் போனபோது கரண்ட் இல்லை. ஃப்ளாஷும் கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா என்னுடையது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பதினொன்று முடிந்து ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றப் போகையில் வாசலில் பேச்சு நின்றது. இறந்தவரின் மகள் வந்திருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குமுளிப் பக்கத்துப் பையனைத் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். கூடலூரில் இருந்தாள். அப்பா அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. பெண்கள் யாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவளுடைய சித்தப்பா ஒருவர்தான் என்னிடம் திரும்பி, “அந்தப் பிள்ளையையும் சேத்து ஒண்ணு எடுத்துருப்பா. இனிமே எங்கன எடுக்கப் போறா” என்றார்.

அவள் நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவின் தோளில் கையை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ஒரு நொடி திறந்து வைத்தால்தான் படம் விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். அழுத்தும்போதே விரலின் பாரத்தில் கேமரா பக்கவாட்டில் லேசாக இழுபட்டது எனக்குத் தெரிந்தது. ரோல் முடிந்திருந்தது. வெளியே பாடைத் தேர் தயாராகிவிட்டது. நான் ஸ்டாண்டை மடக்கினேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே அந்தப் படம் மருந்தில் எழும்பி வந்தது. தட்டை ஆட்டிக்கொண்டேதான் கழுவ வேண்டும். தட்டு ஆட ஆட, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியோடு அந்த முகம் இடமும் வலமுமாக அசைந்தது. தட்டை ஆட்டுவதை நிறுத்தினேன். முகம் நிற்கவில்லை. நாற்காலியும் சுவரும் இருட்டில் அமுங்கியிருந்தன; மூக்கு இரண்டாக, கண் இரண்டாக, பாதியில் நின்றுபோன ஒரு தலையாட்டலாகவே அது காகிதத்தில் தங்கியது.

பத்து நாள் கழித்து மகள் படத்தை வாங்க வந்தாள். கவரைப் பிரித்தவள் படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, அப்பா தலையாட்டுறாக.”

“வெளிச்சம் பத்தலம்மா. காத்து வேற.”

“வீட்டுக்குள்ள ஏது காத்து? கேமரா ஆடுச்சா?”

“ஸ்டாண்டுலதானம்மா இருந்துச்சு.”

அது பொய் இல்லை. ஆனால் அவளிடம் அதைப் பொய்யாகத்தான் சொன்னேன். கை ஆடியது என்று சொல்ல வாய் வரவில்லை. தொழிலில் பேர் கெட்டுவிடும் என்று அந்த நேரத்தில் பட்டது.

“நான் ஆடியிருக்கேன், சரி. அழுதுக்கிட்டு நின்னேன், நடுங்கியிருப்பேன். அப்பா எதுக்கு ஆடணும்?” என்றாள். பிறகு மெதுவாக, “வேண்டாம்னு சொல்றாக” என்றாள். படத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதன்பிறகு எனக்கு ஒரு நொடிப் படம் எதுவும் சரியாக வரவில்லை. பட்டனில் விரல் வைத்தாலே அந்தத் தாடைக்கட்டு ஞாபகம் வந்தது. கையால் தொடாமல் எடுக்க ஏதாவது வேண்டும் என்று கேமராவோடு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கேமராக் கடைக்காரர், பட்டனில் மாட்டித் தள்ளி நின்று அழுத்துவதற்கு மூன்று எடுத்துப் போட்டார். ஒரு சாண் நீளக் கம்பி வயர் ஒன்று. துணி சுற்றிய முழ நீள வயர் ஒன்று. மூன்றாவது, அமுக்கினால் காற்றில் வேலை செய்யும் ரப்பர் பந்து, இருபதடிக் குழாயோடு. எனக்குப் பந்து பிடித்தது; எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விலகி நிற்கலாம். அவர் மறுத்துத் தலையசைத்தார். “பந்த அமுக்குனா ஷட்டர் எப்பத் தொறக்கும்னு கைக்குத் தெரியாது. ஆளு கண்ண மூடுன பெறகு தொறக்கும்.”

கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, கடை வாசல் வெயிலில் ஸ்டாண்டில் நிறுத்தினார். எதிர்ச்சுவரில் வெளிச்சப் பொட்டு விழுந்தது. விரலால் அழுத்தச் சொன்னார். பொட்டு ஒரு முழம் துள்ளி விழுந்தது. குட்டை வயரை மாட்டி அழுத்தினேன். விறைப்பான கம்பி, கையின் நடுக்கத்தை அப்படியே கொண்டுபோனது. துணி வயரைத் தொய்வாக வளைத்துப் பிடித்து அழுத்தினேன். ஷட்டர் சத்தம் கேட்டது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அதையே வாங்கினேன்.

ஊர் திரும்பியதும் கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தாள். ஸ்டூடியோவின் பின்கட்டு வெயிலில் கேமராவை நிறுத்தி, கண்ணாடியை ஒட்டி, அவளையே பட்டனை அழுத்தச் சொன்னேன். பொட்டு துள்ளியது. வயரைக் கையில் கொடுத்தேன். அழுத்தினாள். பொட்டு அசையவில்லை.

“அன்னைக்கு இந்த வயரு எங்கிட்ட இல்ல. ஆடுனது என் கைதாம்மா. அப்பா இல்ல. அப்பவே எனக்குத் தெரியும். ஒங்கிட்டச் சொல்லல.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தாள்.

“அப்ப அப்பா ஒண்ணும் சொல்லல.”

“சொல்லலம்மா.”

“நாலு வருசமாப் பேசல. கடைசியா வேண்டாம்னாவது ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னாகன்னு இருந்தேன்” என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தாள். அந்தப் படத்தைத் திருப்பிக் கொடு, அவர் முகத்தை மட்டும் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அவளும் அதைத் தலையசைத்துத்தான் சொன்னாள், அப்பாவைப் போலவே.

பத்து வருஷம் கழித்து, எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறியபின், ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கக் கூடலூர் போனேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அது அவள் வீடு என்று தெரிந்தது. கூடத்துச் சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குச் சாத்தியிருந்த பூ வாடாமல் இருந்தது. “இவுகதான் தாத்தாவ எடுத்தவுக” என்று தன் மகளிடம் என்னைக் காட்டினாள். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. காபி கொடுத்து, படத்துக்கு எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் இருந்த ஸ்டூலை இழுத்து, படமிருந்த சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தேன்.